சம்பளச் சீட்டு இருக்கட்டும், போன மாத ரோஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள்

எந்த ஆஸ்பத்திரியில் சேரலாம் என்று கேட்டு வருகிற புது நர்ஸ்கள் எல்லோரும் முதலில் பேசுவது சம்பளத்தைத்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: போன மாத டூட்டி ரோஸ்டரை, அதாவது யாருக்கு எந்த நாள் எந்த டூட்டி என்ற அட்டவணையை, பார்த்தாயா? வரப்போகிற மாதத்தை யாரும் அழகாகப் போட்டுக் காட்டிவிடலாம். முடிந்துபோன மாதத்துத் தாளில்தான் அடித்தல் திருத்தல் எல்லாம் இருக்கும். 'ஆஃப்' என்று அச்சடித்த கட்டத்தில் பேனாவால் 'நைட்' என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறது? ஈவினிங் டூட்டி முடித்தவரின் பெயர் மறுநாள் காலை டூட்டியில் எத்தனை முறை வருகிறது? போன மாதம் இருந்து இந்த மாதம் காணாமல் போன பெயர்கள் எத்தனை?

19 வருடத்தில் நான்கு இடங்களில் வேலை பார்த்திருக்கிறேன். நடுவில் 8 மாதம், ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சி மூலமாக, நாளுக்கு ஒரு வார்டு. ஆண் நர்ஸ் என்பதால் என்னை எல்லா இடத்திலும் 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவார்கள். 'பிரதர், ஒரு நிமிஷம்' என்று குரல் வந்தால் யாரையோ தூக்க வேண்டும் என்று அர்த்தம். இந்த ஒப்பீட்டில் என் முதுகுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சேர்ந்தது ஒரு பெரிய அரசு போதனா மருத்துவமனை. சுவரில் பெயின்ட் உரிந்திருக்கும், லிஃப்ட் பாதி நாள் ஓடாது. 32 படுக்கை போட்ட வார்டில் 45 பேர் இருப்பார்கள். இரவில் நாங்கள் இரண்டு பேர். ஆறே மாதத்தில் எப்பேர்ப்பட்ட நரம்பிலும் கேனுலா (மருந்து ஏற்றும் சின்னக் குழாய்) போடப் பழகிவிட்டேன். வேலை கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அங்கே தினமும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது ஒரு சந்தேகத்தை: எதையோ செய்யாமல் விட்டுவிட்டோமோ? பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு 17ஆம் படுக்கைக்காரரின் சிறுநீர் அளவை சார்ட்டில் எழுதினேனா என்று யோசித்து இறங்கி ஓடியிருக்கிறேன்.

இதை வெறும் மனக்குறை என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை எடுத்து லிண்டா ஐக்கன் குழுவினர் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. நர்ஸ் வேலையில் வெந்து களைத்துப்போகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியிருந்தது. கலிபோர்னியாவில் 2004இலிருந்து இதற்குச் சட்டமே இருக்கிறது. பொது வார்டில் இப்போது 5 நோயாளிக்கு ஒருவர், ஐசியுவில் 2 பேருக்கு ஒருவர். எங்கள் வார்டில் 45க்கு 2. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் அந்த இடத்தைப் பற்றி ஒரு நல்ல விஷயம் சொல்லியாக வேண்டும், அதன் அருமை எனக்கு அடுத்த இடத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் விடிகாலை ரத்தம் எடுத்துவிட்டு ஊசியை டப்பாவில் போடும்போது, டப்பா நிரம்பி இருந்ததால் வெளியே நீட்டிக்கொண்டிருந்த இன்னொரு ஊசி கையில் ஏறிவிட்டது. இன்சார்ஜ் சிஸ்டர், ரிட்டயர் ஆக ஒரு வருடம் இருந்தவர், ஒரு வார்த்தை திட்டவில்லை. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வைத்தார். அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். ஊசிக் குத்துக்கென்றே நோட்டு. எந்த நேரம், எந்த ஊசி, யாருடைய ரத்தம் என்று வரிசையாக எழுத வைத்து, டூட்டி டாக்டரிடம் கையோடு கூட்டிப்போனார். அந்த ஊசி யாருடையது என்று தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை என் வாயில் இருந்தது. எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான், ஆனால் தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அன்று மாலையே எல்லா வார்டிலும் டப்பாவை முக்கால் நிரம்பியதும் மாற்றச் சொல்லி ஆணை வந்தது. பெயின்ட் அடிக்கக் காசில்லாத ஆஸ்பத்திரி அது.

இரண்டாவது இடம், தனியார். பல கிளைகள் உள்ள பெரிய நிறுவனம். இன்டர்வியூவில் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். சம்பளம் ஒன்றரை மடங்கு. 6 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று சொன்னார்கள், அது பெரும்பாலும் பொய்யும் இல்லை. பயிற்சி அருமை. பொம்மை நோயாளியின் நெஞ்சை அழுத்திப் பழகினேன், மருந்தை அளவாக ஏற்றும் புது மாதிரி இன்ஃப்யூஷன் பம்ப் எல்லாம் கையாளக் கற்றேன். மருந்துப் பிரிவிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் தனி உறையில் மாத்திரை வரும். முதல் மூன்று மாதம், இவ்வளவு நாள் வீணாக்கிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் ரோஸ்டர் பேச ஆரம்பித்தது. நோயாளி குறைந்த நாளில் 'வீட்டுக்குப் போங்க பிரதர், ஆஃபில் கழித்துக்கொள்கிறோம்' என்பார்கள். கூடிய நாளில் ஆஃபில் இருப்பவனுக்குப் போன் வரும். அதாவது என் ஆஃப் என்னுடையது இல்லை, ஆஸ்பத்திரியின் காலி கட்டிலுடையது. என் வார்டில் ஆள் சரியாக இருந்தால் வேறு வார்டுக்கு அனுப்புவார்கள். எலும்பு முறிவு வார்டில் இருந்தவனை ஒரு இரவு குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு மருந்து என்று மூன்று முறை கணக்குப் போட்டும் கை நடுங்கியது. அங்கே இருந்த சிஸ்டரிடம் காட்டிய பிறகுதான் கொடுத்தேன். 'ஆறு பேருக்கு ஒருவர்' என்ற கணக்கில் அன்றும் குறை இல்லை. அந்த ஒருவருக்கு அந்த வேலை தெரியுமா என்று கணக்கில் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

ஈவினிங் டூட்டி ஒன்பதுக்கு முடிந்து காலை ஏழுக்கு மறுபடி வரச் சொல்வது அங்கே சாதாரணம். அடுத்த டூட்டிக்காரரிடம் ஹேண்ட்ஓவர் கொடுத்துக் கிளம்ப ஒன்பதே முக்கால், வீடு சேரப் பத்தரை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977இல் நர்ஸ்களுக்கென்றே ஒரு ஒப்பந்தமும் பரிந்துரையும் கொண்டுவந்தது. ஒரு டூட்டிக்கும் அடுத்த டூட்டிக்கும் நடுவே தொடர்ச்சியாக 12 மணி நேர ஓய்வாவது வேண்டும் என்று அந்தப் பரிந்துரையில் இருக்கிறது. இதை மீட்டிங்கில் சொன்னேன். அடுத்த மாத ரோஸ்டரில் எனக்கு நைட் இரண்டு கூடியிருந்தது. தற்செயலாகத்தான் இருக்கும்!

அங்கேயும் ஒரு முறை ஊசி குத்தியது. இரவு 2:40. நோயாளி கையை உதறினார், என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. எமர்ஜென்சிக்கு ஓடினேன். 'உங்கள் வார்டு சூப்பர்வைசர் மெயில் அனுப்பட்டும்' என்றார்கள். சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை. மாத்திரை கிடைத்தபோது விடிந்து எட்டு மணி. அதோடு ஒரு மெமோ: 'கவனக்குறைவு' என்று எழுதி, கையெழுத்து போடச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனைச் செலவு என் சம்பளத்தில் பிடித்தார்கள். நான்கு மாதம் கழித்துத் திருப்பித் தந்தார்கள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்கிறேன். அந்த மெமோவுக்குப் பிறகு என் வார்டில் ஊசி குத்தியதாக யாரும் சொன்னதே இல்லை. நிறுவனத்தின் அறிக்கையில் அது சாதனையாகப் பதிவாகியிருக்கும்.

அந்த ஆஸ்பத்திரியின் வரவேற்பறைச் சுவர் முழுக்க அங்கீகாரப் பட்டயங்கள். பட்டயத்தைக் குறை சொல்லவில்லை. 1983இல் அமெரிக்க நர்சிங் அகாடமி 163 மருத்துவமனைகளைப் பார்த்து, அதில் 41 மட்டும் நர்ஸ்களைக் காந்தம் போலப் பிடித்து வைத்திருக்கின்றன என்று கண்டது. நல்ல நர்சிங் உள்ள மருத்துவமனைகளுக்கு இன்றைக்குத் தரும் 'மேக்னட்' (காந்தம்) அங்கீகாரத்துக்கு அதுதான் வேர். அங்கெல்லாம் நர்ஸ்கள் எதற்காகத் தங்கினார்கள் என்று பார்த்தால், தங்கள் வேலையைப் பற்றிய முடிவில் அவர்களுக்கும் குரல் இருந்தது. ஆகவே பட்டயத்தைப் பார்த்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே ரோஸ்டரைப் போடுவது யார், வார்டில் நிற்பவரா, மாடியில் உட்கார்ந்திருப்பவரா?

ஏஜென்சியைப் பற்றி நான்கு வரி போதும். மணிக்கணக்கில் பார்த்தால் சம்பளம் அதிகம், வேண்டாத நாளில் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் எந்த வார்டிலும் அவசர மருந்துப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது. மருந்து அலமாரிச் சாவிக்கு யாரையாவது கெஞ்ச வேண்டும். உடம்புக்கு முடியாமல் படுத்தால் அன்றைக்குக் காசில்லை. கடன் அடைக்க நல்ல வழி, வேலை கற்க மோசமான வழி.

மூன்றாவது இடத்துக்கு நான் வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். இரவில் 40 பேருக்கு நான் ஒருவன், உதவிக்கு இரண்டு பேர். சம்பளம் குறைவு. கூடப் படித்தவர்கள் 'அங்கே என்னப்பா நர்சிங் இருக்கு?' என்றார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஞாபகமறதி, படுக்கைப்புண், விழுந்து விடும் பயம், எல்லாம் ஒரே ஆளிடம் இருக்கும் இடத்தில் நர்சிங் இல்லாமல் வேறென்ன இருக்கும்!

சேர்ந்து ஐந்தாவது வாரம் தப்பு செய்தேன். ஒரே பெயரில் இரண்டு பெரியவர்கள், எதிரெதிர் அறை. எட்டு மணி மருந்து கொடுக்கும்போது ஒருவருடைய பிரஷர் மாத்திரையை மற்றவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் முழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, 'இன்னைக்கு மாத்திரை கலர் மாறியிருக்கே தம்பி' என்றார். எனக்கு வயிறு கலங்கியது. டாக்டருக்குப் போன் போட்டேன். இரவு முழுக்க அரை மணிக்கு ஒரு தடவை பிரஷர் பார்த்தேன். பாவம், அவரைத் தூங்கவே விடவில்லை. ஒன்றும் ஆகவில்லை. மெமோவை எதிர்பார்த்துக்கொண்டே காலையில் மேனேஜர் அம்மாவிடம் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நேற்று எந்த வரிசையில் நடந்தீர்கள், ட்ரே எந்தப் பக்கம் இருந்தது, நடுவில் யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டுக்கொண்டே போனார். கூப்பிட்டிருந்தார்கள், ஒருவரைத் தூக்கி உட்கார வைக்க. அந்த வாரமே மருந்துச் சார்ட்டில் ஒவ்வொருவர் புகைப்படமும் ஒட்டப்பட்டது. ஒரே பெயர் உள்ளவர்களுக்குச் சிவப்புப் பட்டை. மருந்து கொடுக்கும் நேரத்தில் பிரதரைக் கூப்பிடக் கூடாது என்று எழுதி மாட்டினார்கள்.

அவ்வளவு நல்ல மேனேஜர் இருந்தும் இரண்டு வருடத்தில் விட்டுவிட்டேன். காரணம் முதுகு. ஆளைத் தூக்கும் கருவி ஒன்று வாங்கியிருந்தார்கள், ஆனால் பேட்டரி போய் மூலையில் கிடந்தது. மேனேஜர் அம்மா மூன்று முறை எழுதிக் கேட்டார், நிர்வாகம் அசையவில்லை. நேர்காணலில் 'தூக்கும் கருவி இருக்கிறதா' என்று கேட்காதீர்கள், 'இருக்கிறது' என்றுதான் பதில் வரும். காட்டச் சொல்லுங்கள். மேலே தூசி இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது இருப்பது நான்காவது இடம். வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்க்கும் சிறிய அமைப்பு. நெதர்லாந்தில் 2006இல் யோஸ் டி பிளாக் என்ற நர்ஸ் தொடங்கிய பியூர்ட்ஸோர்க் அமைப்பைப் பார்த்து ஏற்படுத்தியது என்று சொல்வார்கள். அங்கே ஒரு குழுவில் அதிகபட்சம் 12 பேர், குழுவுக்கு மேனேஜர் கிடையாது, யார் எந்த வீட்டுக்குப் போவது என்று அவர்களே பேசி முடிவு செய்வார்கள். நாங்கள் 9 பேர். ரோஸ்டரை மாதம் ஒரு முறை ஒன்றாக உட்கார்ந்து போடுகிறோம். கேட்க இனிமையாக இருக்கும். முதல் கூட்டத்தில் நைட் ஆன்-கால், அதாவது இரவில் அழைப்பு வந்தால் போகும் பொறுப்பு, யார் எடுப்பது என்று இரண்டரை மணி நேரம் சண்டை போட்டோம். முதலாளியைத் திட்டுவது சுலபம், எதிரில் உட்கார்ந்திருக்கும் சிஸ்டரிடம் 'போன மாதம் நீங்கள் ஒன்றுதான் எடுத்தீர்கள்' என்று சொல்வது கஷ்டம். ஆனால் முடிவானது முடிவுதான், பேனாவால் யாரும் வெட்டுவதில்லை.

குறைகளும் உண்டு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்தைப் பாதிதான் வேலை நேரமாகக் கணக்கெடுக்கிறார்கள். தனியாகப் போவதால், காயம் சீழ் பிடிக்கிறதா என்று சந்தேகம் வந்தால் பக்கத்தில் கேட்க ஆள் இல்லை, படம் எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஐசியு பழக்கமெல்லாம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. படிப்பு முடித்தவுடன் இங்கே வருவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டு மூன்று வருடம் போதனா மருத்துவமனையில் அடிபட்டுவிட்டு வாருங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டு முடித்துவிட்டுச் சேருங்கள், எந்த இடமானாலும். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொல்கிற இடமாக இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நட்சத்திரம் போடச் சொன்னால் இப்போதைய இடத்துக்கு ஐந்தில் நான்கு. போக்குவரத்து நேரத்தை முழுசாகக் கணக்கெடுத்தால் மிச்சத்தைப் பற்றி யோசிக்கலாம். வருகிற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதைத்தான் எழுப்பப் போகிறேன். ஆன்-கால் சண்டை முடிந்து நேரம் இருந்தால்.