மைக்ரோகிளியா ஆய்வு: மஜ்ஜை மாற்றமா, எலி இணைப்பா?

மூளையின் நோய் எதிர்ப்பு செல்களான மைக்ரோகிளியா ஆயுள் முழுக்கத் தாமே பிரிந்து பெருகுகின்றனவா, இரத்தத்திலிருந்து புது வரவா? சுண்டெலியில் இதைச் சோதிக்க இரண்டு வழிகள்; இரண்டிலும் வேறு எலியின் அடையாளமிட்ட இரத்த செல்கள் மூளைக்குள் வருகின்றனவா என்று பார்ப்பார்கள்.

எளிமை
மஜ்ஜை மாற்றம்: எலியின் எலும்பு மஜ்ஜையை அழிக்கக் கதிர்வீச்சு, கொடையாளி எலியின் மஜ்ஜை செல்களை ஏற்ற ஊசி, அவ்வளவுதான்.
எலி இணைப்பு: இரண்டு எலிகளைத் தைத்து இரத்த ஓட்டத்தைச் சேர்க்க வேண்டும். கைத்திறன் வேண்டும்; எலிகளுக்கும் பெரும்பாடு.

நம்பகம்
மஜ்ஜை மாற்றம்: வில்லங்கமே இங்கேதான். இரத்தத்திலுள்ளவை மூளைக்குள் எளிதில் புகாமல் காக்கும் இரத்த-மூளைத் தடுப்பைக் கதிர்வீச்சு குலைக்கும். கொடையாளி செல்கள் உள்ளே புகுந்து மைக்ரோகிளியா வேடம் போடும். பல ஆண்டுகள் இதுவே பலரைக் குழப்பியது.
எலி இணைப்பு: கதிர்வீச்சே இல்லை. 2007இல் வெளியான ஆய்வில் அப்படிப் புகுந்தவை ஏறக்குறைய இல்லை, உள்ளிருந்தவையே பெருகின.

இயல்பான பராமரிப்பை அறிய இணைப்புதான். கொடையாளி செல்களை மூளையில் குடியேற்றும் சிகிச்சையை ஆராய்பவர்களுக்கு மஜ்ஜை மாற்றம்.