சுருதி திரும்பி வந்த பாகவதர்

தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைப் பின்சில்லில் முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றினால்தான் கசெட் பாடும். சுற்றுவது நான், கேட்பது அம்மப்பா, பாடுவது எம். கே. தியாகராஜ பாகவதர். கை உளைந்து வேகம் குறைந்தால் பாகவதரின் குரல் தடித்து இழுபடும். "தம்பி, சுருதி இறங்குது, சுத்து" என்பார் அம்மப்பா. அந்தக் கசெட்டுகள் 2009இல் மற்றச் சாமான்களோடு போய்விட்டன.

அதனால்தான் மச்சான் சென்னையிலிருந்து இந்தத் தொகுப்பைக் கொண்டு வந்ததும் முதலில் வேகத்தைத்தான் பார்த்தேன். பாகவதரின் இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்து இரண்டு சீடியாகப் போட்டிருக்கிறார்கள். பழைய தட்டுகளை நிமிஷத்துக்கு 78 சுற்று என்று சொன்னாலும், எல்லாம் சரியாக அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. அதைக் கவனிக்காமல் ஓடவிட்டுப் படியெடுத்தால் சுருதி கூடும் அல்லது குறையும். நாங்கள் கேட்டு வளர்ந்த கசெட்டுகளில் பல அப்படி வந்தவைதான்.

எனக்குக் காது போதாது. பக்கத்து வீட்டு அண்ணாவியாரைக் கூப்பிட்டேன். காத்தவராயன் கூத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவர். பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். 'வதனமே சந்திர பிம்பமோ' தொடங்கியது. ஒரு கட்டையில் விரலை வைத்து அமத்திக்கொண்டே இருந்தார். பாட்டு முடியும்வரை விரல் அசையவில்லை. "பிசகில்லை. முந்திக் கேட்டது அரைக்கட்டை கூட ஓடினது. இதுதான் அந்தாளின்ரை குரல்" என்றார். எனக்கு அதுவே காசுக்குப் போதும்.

அதே பாட்டில் இன்னொன்று. 1943இல் வந்த சிவகவிப் படப் பாட்டு, சிந்துபைரவி ராகம். 'பிம்பமோ' என்று முடிக்கும்போது பாகவதரின் உதடு மூடித் திறப்பது கேட்கிறது. இத்தனை வருஷத்தில் எனக்குக் கேட்காத சத்தம். பிருகாக்கள், அதாவது குரலின் வேகமான உருட்டல்கள், முன்பு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இப்போது நெல்லுத் தூற்றும்போது பதர் விலகி மணி விழுகிற மாதிரி ஒவ்வொன்றாக விழுகின்றன.

1941இல் வந்த அசோக்குமாரின் 'பூமியில் மானிட ஜென்மம்' இதைவிட நன்றாக வந்திருக்கிறது. ஊசி உரசும் சத்தத்தை முழுக்க எடுக்காமல், கிடுகுக் கூரையில் தூறல் விழுகிற அளவுக்கு விட்டிருக்கிறார்கள். மேல்ஸ்தாயிக்குப் போகுமுன் அவர் இழுக்கிற மூச்சு அப்படியே இருக்கிறது. யார் செய்தாரோ, தட்டை மதித்துச் செய்திருக்கிறார்.

ஆனால் எல்லாப் பாட்டையும் அவர்தான் செய்தார் என்று தோன்றவில்லை. திருநீலகண்டரின் (1939) 'தீன கருணாகரனே' பாட்டில் இரைச்சலோடு சேர்த்துக் குரலின் பளபளப்பையும் வழித்து எடுத்துவிட்டார்கள். குடத்துக்குள் இருந்து பாடுவது போல இருக்கிறது. அம்மா இரண்டு வரி கேட்டுவிட்டு, "அவருக்குத் தடிமனோ?" என்று கேட்டார்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது 'மன்மத லீலையை' கேட்டபோது. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் படப் பாட்டு. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். அந்தச் சாருகேசி ராகப் பாட்டுக்கு எதிரொலி சேர்த்து, குரல் இடது காதுக்கும் வலது காதுக்கும் அலைகிற மாதிரிச் செய்திருக்கிறார்கள். எதற்கு? இந்தக் குரல் நாடகக் கொட்டகையில் வளர்ந்த குரல். பாகவதர் சிறுவனாக மேடை ஏறியதே அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாகத்தான். யாழ்ப்பாணத்து நாடக நடிகர் வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்த எங்கள் ஆட்களுக்கு, அப்படிப்பட்ட குரல் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கு எதிரொலி வேண்டாம்.

கூட வந்த சின்னப் புத்தகத்தில் படப்பெயரும் வருஷமும் ஒழுங்காக இருக்கின்றன. பாபநாசம் சிவனின் பெயரைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பது சரியில்லை. இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை அவர் எழுதித் தந்தவை. முன் அட்டையில் வரவேண்டிய பெயர்.

இன்னொன்று, தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம், கூடினால் மூன்றரை நிமிஷம்தான் பிடிக்கும். இரண்டு பக்கமாக வந்த பாட்டுகளை இதில் ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒட்டு எங்கே என்று காது வைத்துத் தேடினேன். ஓரிடத்தில் மட்டும் தாளம் சற்றுத் தட்டுகிறது, மற்றவை சுத்தம்.

கிளிநொச்சியில் நான் விசாரித்த கடைகளில் இது இல்லை. இந்தியா போகிறவர்களிடம் சொல்லி எடுப்பியுங்கள். வாங்கியதும் சின்னப் போன் ஸ்பீக்கரில் போடாதீர்கள், அந்த மூச்சும் உதடும் அதில் கேட்காது. பழைய பெட்டி ஸ்பீக்கர் ஒன்று இருந்தால் போதும். முதல் சீடியை அம்மா தருவதாக இல்லை. இரண்டாவது அண்ணாவியார் வீட்டில் இருக்கிறது. பொழுதுபட்டால் வேலிக்கு அப்பாலிருந்து பாகவதரின் குரல் கேட்கிறது. அந்த எதிரொலிப் பாட்டு வருகிற இடத்தில் மட்டும் ஒரு கணம் சத்தம் நிற்கும், பிறகு அடுத்த பாட்டு தொடங்கும்.