டன்ஹில் போய் பீட்டர்சன் வந்த டின்கள்: நைட்கேப், 965, எர்லி மார்னிங்

இந்த பைப் புகையிலைகளில் ஒரே ஒரு டின்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் நைட்கேப் வாங்குங்கள். காலையில் பைப் பிடிக்கிற ஆளாக இருந்தால் மட்டும் எர்லி மார்னிங் பைப். மை மிக்ஸ்சர் 965-ஐ எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், நல்ல கலவைதான், ஆனால் இந்த மூன்றில் எனக்கு அது மூன்றாவது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆல்ஃபிரட் டன்ஹில் 1907-இல் லண்டன் டியூக் தெருவில் புகையிலைக் கடை திறந்தார். வருகிற வாடிக்கையாளரின் ருசிக்கு ஏற்றபடி இலைகளைக் கலந்து கொடுத்து, அந்த அளவைப் பேரேட்டில் எழுதி எண் போட்டு வைப்பது அந்தக் கடையின் வழக்கம், மறுமுறை வந்து எண்ணைச் சொன்னால் போதும், அதே கலவை கைக்கு வரும். அந்தப் பேரேட்டின் ஓர் எண்தான் 965. 1980களின் தொடக்கத்தில் தயாரிப்பு லண்டனை விட்டு பெல்ஃபாஸ்ட் போனது, பிறகு டென்மார்க். 2018-இல் டன்ஹில் பெயரில் பைப் புகையிலை வருவதே நின்றுபோனது. அப்புறம் அதே கலவைகள் பீட்டர்சன் பெயரில் திரும்பி வந்தன. பீட்டர்சன் டப்ளினின் பழைய பைப் கம்பெனி, ஆனால் அந்தப் பெயரில் வரும் புகையிலை ஸ்காண்டிநேவியன் டொபாக்கோ குரூப்புடையது, அதாவது மறுபடியும் டென்மார்க்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "டன்ஹில் காலத்து ருசி இப்போது இல்லை" என்று சொல்லிப் பழைய டின்களுக்குக் கொள்ளை விலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். டன்ஹில் பெயரின் கடைசி ஆண்டுகளில் வந்ததும் டென்மார்க்கில் செய்ததுதான். மூடிய டின்னுக்குள் பதினைந்து இருபது வருடம் கிடந்த இலையையும் போன மாதம் கடைக்கு வந்த இலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பழையதுதான் ஜெயிக்கும், அதற்குக் காரணம் தொழிற்சாலை இல்லை, வயது. வர்ஜீனியா இலை மூடி வைத்தால் இனிப்பும் ஆழமும் கூடும், புகையூட்டிய லட்டாக்கியா இலையின் நெடி தணியும். அந்த ஒப்பீடு நியாயமே இல்லாதது, அதை வைத்து புதுசைக் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

இனி டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் ருசி புரியும். அடிப்படை இலை வர்ஜீனியா, கொட்டகைக்குள் குழாய் வழியே சூடேற்றி உலர்த்துவது, அதனால் சர்க்கரை அதிகம். ஆந்திராவில் சிகரெட்டுக்காக விளைவதும் இந்த வகைதான். ஓரியண்டல் என்பது துருக்கி, கிரீஸ், மாசிடோனியா பக்கத்துச் சின்ன இலை, வெயிலில் காய்வது, லேசான புளிப்பும் உலர்ந்த மூலிகை மணமும் அதிலிருந்து வரும். லட்டாக்கியாவும் அந்தக் குடும்பத்து இலைதான், சிரியாவின் துறைமுகப் பெயர் கொண்டது, வெயிலில் காய்ந்தபின் வாசனை மரங்களும் புதர்களும் எரித்த புகையில் வாரக்கணக்கில் தொங்கவிட்டுக் கருப்பாக்கியது. இன்று டின்களில் வருவது பெரும்பாலும் சைப்ரஸ் வகை. டின்னைத் திறந்ததும் விறகடுப்பு எரிந்த பழைய வீட்டுச் சமையலறைச் சுவரின் வாடை அப்படியே வரும், சிலருக்கு அந்த நொடியே பிடித்துப்போகும், சிலர் அங்கேயே மூடிவிடுவார்கள். கடைசியாக பெரீக். அமெரிக்காவில் லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் மாவட்டத்தில் விளைந்து, விஸ்கி பீப்பாய்க்குள் திருகு போட்டு அழுத்தி, அதன் சாற்றிலேயே ஏறத்தாழ ஒரு வருடம் புளிக்க வைக்கிற இலை. நடுவில் வெளியே எடுத்துக் காற்றுப்பட வைத்து மறுபடி அழுத்துவார்கள். உலர்ந்த பிளம் சுவையும் மிளகுக் காரமும் அதன் அடையாளம். தனியாகப் புகைக்க முடியாத அளவு காட்டம், கலவையில் கொஞ்சம் போட்டாலே போதும்.

எப்படிச் சோதித்தேன் என்பதும் முக்கியம், ஏனென்றால் பாதி விமர்சனங்கள் டின்னை முகர்ந்துவிட்டு எழுதினவை. லட்டாக்கியா பிடித்த ப்ரையர் (மர) பைப்பில் அந்த வாடை லேசில் போகாது, அடுத்து எதைப் போட்டாலும் பழையது எட்டிப்பார்க்கும். அதனால் இந்த மூன்றுக்கும் மீர்ஷாம் பைப் ஒன்றையே ஒதுக்கினேன். துருக்கியின் எஸ்கிஷெஹிர் பக்கம் தோண்டி எடுக்கிற அந்த வெள்ளைக் கல் பழைய ருசியை அவ்வளவாகப் பிடித்து வைக்காது. கல் பைப்புக்குக் காசு இல்லையென்றால் மக்காச்சோளக் கட்டை பைப், மிசௌரி மீர்ஷாம் கம்பெனியுடையது, மலிவு, ஒவ்வொரு கலவைக்கும் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இலை ஈரமாகத்தான் வரும். தட்டில் பரப்பி, விரலில் நசுக்கினால் உருண்டையாக ஒட்டிக்கொள்ளாத, ஆனால் நொறுங்கியும் போகாத பதம் வரும்வரை காயவிட வேண்டும். ஈரத்தோடு பற்றவைத்தால் ஆவிதான் வரும், அந்த ஆவி நாக்கைச் சுட்டுவிடும், "இந்தக் கலவை நாக்கைக் கடிக்கிறது" என்கிற புகாரில் பாதிக்கு மேல் இந்த ஈரத்தால் வருவதுதான். அடியில் தளர்வாக, மேலே சற்று இறுக்கமாக நிரப்பி, முதல் தீயில் மேல் இலை பொங்கி எழுந்ததும் மெல்ல அமுக்கி, இரண்டாவது தீயில் சரியாகப் பற்றவைத்து, அப்புறம் மெதுவாக. அணையட்டும், மறுபடி பற்றவைப்பதில் ஒரு தப்பும் இல்லை. வாயில் வைத்த புகையைக் கொஞ்சம் மூக்கு வழியே விட்டால்தான் பெரீக்கின் மிளகும் ஓரியண்டலின் மூலிகையும் பிரிந்து தெரியும். காபி குடித்தவுடன் சோதிப்பது வீண்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் இதுதான்: கலவையை மதிப்பிட வேண்டியது, இலை நிரப்புகிற பைப் கிண்ணத்தின் கீழ்ப் பாதியில். மேல் பாதியில் லட்டாக்கியா சத்தம் போட்டுக்கொண்டிருக்கும், லட்டாக்கியா சேர்ந்த கலவைகளைத்தான் ஆங்கிலக் கலவை என்பார்கள், அவை எல்லாமே அங்கே நன்றாகத்தான் இருக்கும். சூடும் ஈரமும் கீழே இறங்கி, சாம்பல் மேலே சேர்ந்து, புகை கனத்த பிறகு எது தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் கேள்வி.

எர்லி மார்னிங் பைப்பில் வர்ஜீனியாவும் ஓரியண்டலும் முன்னால் நிற்கின்றன, லட்டாக்கியா பின்னால். புகை மெலிசு. தொடக்கத்தில் எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினால் வருகிற மாதிரி ஒரு புளிப்பு வாசம், அதன் மேல் லேசான புகைவாடை. பாதிக்குப் பிறகு வர்ஜீனியாவின் இனிப்பு எழும்பி வரும், அப்போதுதான் ஓரியண்டல் என்ன செய்கிறது என்பதே புரிகிறது. லட்டாக்கியா அதிகமான கலவைகளில் இந்த இலை அமுங்கிப்போகும், இங்கே தெளிவாகப் பேசுகிறது. இதை "ஆரம்பக்காரர்களுக்கான டின்" என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வேகமாக இழுத்தால் சூடேறி, இருக்கிற நுணுக்கமெல்லாம் போய் வெறும் காரல்தான் மிஞ்சும், ஆகவே நிதானம் பழகியவர்களுக்குத்தான் இது முழுசாகக் கிடைக்கும். குறை என்றால் கடைசிக் கால்பங்கு. அங்கே ருசி மெலிந்து சாம்பல் வாடை தட்டுகிறது, நான் அதோடு கொட்டிவிடுவேன்.

965-இல் லட்டாக்கியா, ஓரியண்டல், வர்ஜீனியாவோடு கேவண்டிஷ் சேர்கிறது. கேவண்டிஷ் தனி இலைவகை இல்லை, இலையைச் சூடேற்றி அழுத்திப் பதப்படுத்துகிற முறை. அது கலவைக்கு ஒரு வழவழப்பைக் கொடுக்கிறது, புகை பால்மாதிரி அடர்த்தியாக வரும், தொண்டையில் கமறல் அறவே இல்லை. பற்றவைத்த முதல் பத்து நிமிடம் இந்த மூன்றில் இதுதான் அழகு, அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த வழவழப்பே பிறகு தடையாகிறது. ஓரியண்டலின் புளிப்பை மழுக்கிவிடுகிறது, வர்ஜீனியாவும் எழும்புவதில்லை, பாதிக்குக் கீழே போனால் ஒரே சுவை, ஒரே அளவு, முடிவுவரை அப்படியே. படித்துக்கொண்டே, வேலை பார்த்துக்கொண்டே புகைப்பவருக்கு இது சௌகரியம், கவனம் கேட்காத கலவை. உட்கார்ந்து ருசி பார்க்கிறவருக்குப் போதாது.

நைட்கேப் கதையே வேறு. லட்டாக்கியா தாராளம், கூடவே பெரீக். திறந்ததும் புகைவாடைக்கு அடியில் ஏதோ புளித்த பழ வாசம் தெரியும், அது பெரீக். முதல் பகுதியில் லட்டாக்கியாவின் ராஜ்ஜியம்தான், வேறொன்றும் எதிர்பார்க்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு கடந்ததும் மூக்கில் மிளகு சுள்ளென்று ஏறத் தொடங்கும், அதற்குப் பின்னால் உலர்ந்த பழ இனிப்பு, அப்புறம் மறுபடி புகை, இப்படி மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். எனக்கு இதில் பெரிய விஷயம் என்னவென்றால், கிண்ணத்தின் அடியில் இது இன்னும் நன்றாக இருக்கிறது. எர்லி மார்னிங் மெலிந்துபோகிற இடத்தில், 965 தட்டையாகிற இடத்தில், நைட்கேப்பின் பழச்சுவை கெட்டிப்படுகிறது, கடைசியில் சாம்பல் நரைத்துத் தூளாக விழும்வரை விட மனசு வராது. பெரீக்கை அளவு பார்த்துப் போட்டிருக்கிறார்கள், லட்டாக்கியாவை எதிர்த்து நிற்கிற அளவுக்கு உண்டு, அதை விழுங்குகிற அளவுக்கு இல்லை. இந்தக் கணக்கைப் போட்டவருக்கு ஒரு வணக்கம்.

ஆனால் காட்டம் உண்டு. பெயரிலேயே இருக்கிறபடி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். வெறும் வயிற்றில் பிடித்தால் தலை சுற்றும், விக்கல் எடுக்கும், வியர்க்கும், சுருட்டுப் பழக்கம் உள்ளவருக்குக்கூட. இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டு உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். இன்னொன்றும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது, வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு உண்மையானது, நிகோடின் பழக்கமும் உண்மையானது. இதுவரை புகைக்காதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். நான் எழுதுவது ஏற்கெனவே பிடிக்கிறவர்களுக்கு, கண்டதைப் பிடிக்காமல் நல்லதாக, குறைவாக, நிதானமாகப் பிடிக்கட்டும் என்றுதான்.

லட்டாக்கியா வாடையே ஆகாது, வீட்டில் சண்டை வருகிறது என்பவர்களுக்கு இதே வரிசையில் எலிசபெத்தன் மிக்ஸ்சர் இருக்கிறது. வர்ஜீனியாவும் பெரீக்கும் மட்டும். வைக்கோல் இனிப்பு, மூக்கில் மிளகு, அவ்வளவுதான், நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஜோடியில் எஸ்குடோ பக்கம்தான் என் சாய்வு. லிவர்பூலின் கோப் நிறுவனம் செய்துவந்த பழைய சரக்கு, இப்போது அதுவும் டென்மார்க்கில்தான் தயாராகிறது. இலையைக் கயிறாகச் சுருட்டி அழுத்தி வட்ட வட்டமாக நறுக்கியிருப்பார்கள், அந்த அழுத்தத்தில் இரண்டு இலையும் ஒன்றோடொன்று ஊறிவிடுகின்றன. எலிசபெத்தனில் வர்ஜீனியா ஒரு வாயும் பெரீக் ஒரு வாயுமாகத் தனித்தனியே வருகிறது, எஸ்குடோவில் இரண்டும் சேர்ந்தே வரும்.

வாங்குவது பற்றி. 50 கிராம் வட்ட டின். இங்கிலாந்தில் வரி தலைமேல் நிற்கிறது, ஜெர்மனியில் அதே டின் கணிசமாகக் குறைவு, அந்தப் பக்கம் போகிறவர் யாராவது இருந்தால் சட்டத்துக்கு உட்பட்ட அளவு வாங்கிவரச் சொல்லலாம். ஒரு கடையிலிருந்து எனக்கு வந்த நைட்கேப் டின்னின் விளிம்பில் துரு, மூடி காற்றில்லாமல் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டியது லேசாகத் தொட்டதும் கழன்றுவிட்டது, உள்ளே இலை சருகு. அப்படி வந்தால் திறந்து பார்க்காமலே திருப்பி அனுப்புங்கள். திறந்த டின்னை மூடியை நம்பி வைக்க வேண்டாம், ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடிக்கு மாற்றி வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். நைட்கேப்பை முடிந்தால் இரண்டாக வாங்கி ஒன்றைத் திறக்காமல் தள்ளி வையுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் வர்ஜீனியா இனிப்பு ஏறி, புகைநெடி தணிந்து, பெரீக்கின் பழச்சுவை இன்னும் முன்னால் வந்திருக்கும். 965-ஐ அப்படி வைத்துப் பார்த்ததில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதை வாங்கினால் உடனே திறந்துவிடலாம்.