த்ரூ தோ தூஸில் விலைக்கு வந்த பழைய ஃபைபர் படகு: கேட்ட தொகைக்குத் தகுமா?

மொரீஷியஸின் கிழக்குக் கரையில் உள்ள த்ரூ தோ தூஸில், இல் ஓ செர்ஃப் தீவுக்குப் பயணிகள் புறப்படும் துறையிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு வீட்டு முற்றத்துப் பாதாம் மரத்தடியில் இந்தப் படகு ஆறு ஆண்டுகளாக இழுவண்டி மீதே நிற்கிறது. நீளம் 5.5 மீட்டர். 1980களின் நடுவில் வார்க்கப்பட்டது. 40 குதிரைத்திறன் கொண்ட இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜினும் இழுவண்டியும் சேர்த்து உரிமையாளர் 1,40,000 ரூபாய் கேட்டார். பைரோக் என்னும் மரப் படகுகள் கட்டும் குடும்பத்தில் பிறந்து, இப்போது ஃபைபர் வேலை செய்துவரும் என் மாமாவுடன் இரண்டு முறை சென்று பார்த்தேன்.

வாங்க வருகிறவரை முதலில் கவர்வது இன்ஜின்தான். முடிவெடுக்க மிகக் குறைவாக உதவுவதும் அதுதான். சிலிண்டர்களின் அழுத்தம் 118, 112 பிஎஸ்ஐ என்று வந்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பத்து விழுக்காட்டுக்குள் இருந்ததால் அதை அத்துடன் விட்டுவிட்டோம். வெயிலில் வெளுத்த ஜெல்கோட் என்னும் மேற்பூச்சும், கைப்பிடிகளின் அடியில் நட்சத்திர வடிவில் ஓடிய மெல்லிய வெடிப்புகளும், நீர்மட்டத்துக்குக் கீழே ஆங்காங்கே எழும்பியிருந்த சிறு கொப்புளங்களும் கண்ணுக்கு உறுத்தலாக இருந்தாலும், படகின் உடலான ஓட்டின் வலிமையைக் குறைக்கும் அளவுக்கு இல்லை. ஃபைபர் அழுகுவதில்லை, அதன் நடுவே வைத்து மூடிய மரம்தான் அழுகும்.

ஆகவே எங்கள் நேரத்தில் பெரும்பகுதி அமரத்தில், அதாவது இன்ஜினைத் தாங்கும் பின்பலகையில் கழிந்தது. இன்ஜினைப் பாதி உயர்த்தி வைத்து அதன் அடிக்காலின் மீது மாமா தன் எடையை மெல்ல ஏற்றியபோது, பின்பலகை பக்கச்சுவரோடு சேரும் மூலையில் பென்சில் கோடு போல ஒரு இடைவெளி திறந்து மூடியது. பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பார்த்ததில் மேற்பாதி கணீரென்றும், கீழ்ப்பாதி ஈர மண்ணைத் தட்டுவது போல மந்தமாகவும் ஒலித்தது. உரிமையாளரின் அனுமதியோடு உட்புறத்திலிருந்து 5 மில்லிமீட்டர் துளைகள் மூன்று இட்டோம். மேலே வெளிர் நிறத்தில் உலர்ந்த தூள் வந்தது. வடிகால் துளைக்கு அருகில் கரும்பழுப்பு நிறத்தில், புளித்த வாடையுடன், விரலில் ஒட்டும் சேறு வந்தது. மாமா "பூரி" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்தார். நம் கிரியோலில் அழுகியதற்கு அதுதான் பெயர்; டால் பூரி தின்று வளர்ந்த நாவுக்கு இது எப்போதும் கொஞ்சம் கொடுமையாகவே படுகிறது.

ஆறு ஆண்டுகள் கடலைத் தொடாத படகு எப்படி அழுகியது என்று உரிமையாளர் உண்மையாகவே வியந்தார். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு உப்புநீரைவிட மழைநீரே உகந்தது. வடிகால் அடைத்திருக்க, ஒவ்வொரு புயல் பருவத்திலும் உள்ளே தேங்கிய நீர், சரியாகப் பூசப்படாத ஆணித் துளைகள் வழியாக ஒட்டுப்பலகைக்குள் இறங்கியிருக்கிறது. கிழக்குக் கரையின் மழையைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தரைக்கடியில் நிரப்பிய மிதவை நுரையும் நீர் குடித்திருக்கும் என்ற ஐயத்தில், படகை எடைமேடைக்கு இழுத்துச் சென்றோம். இழுவண்டியும் இன்ஜினும் கழித்தால் 640 கிலோ வந்தது. தயாரிப்பாளரின் தகட்டிலோ 450 என்று பொறித்திருந்தது. ஏறத்தாழ 190 கிலோ நீரை இந்தப் படகு சுமந்து நிற்கிறது என்றால், தரையை அறுத்தெடுத்து, நுரையைத் தோண்டி, அதனடியில் நீளவாக்கில் ஓடும் விட்டங்களையும் மாற்றாமல் வேலை முடியாது.

வலப்புறத்தில் பவளப்பாறை கிழித்த ஓட்டை ஒன்றை யாரோ வெறும் பட்டிப் பசையால் அடைத்திருந்தார்கள். முறைப்படி அதன் விளிம்பை ஓட்டின் தடிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அடுக்கடுக்காக இழை போட வேண்டும். அதற்கு எபாக்சி ரெசினே நல்லது, ஏனெனில் படகை வார்த்த பழைய பாலியெஸ்டர் ரெசின் மீது எபாக்சி நன்றாகப் பிடிக்கும். ஒருமுறை எபாக்சி போட்ட இடத்தில் பிறகு பாலியெஸ்டரை நம்ப முடியாது.

சுற்றுலா ஆணையத்தின் உல்லாசப் படகு உரிமத் தாள்கள் ஒழுங்காகவே இருந்தன.

பொருள்களுக்கு மட்டும் 1,10,000 ரூபாய் என்று மாமா கணக்கிட்டார். உழைப்பு எங்களுடையது, மே முதல் அக்டோபர் வரையிலான உலர்ந்த வார இறுதிகள் அத்தனையும் போகும். ஓட்டின் வடிவம் அருமையானது. முன்முனையான அணியத்திலிருந்து அடித்தண்டான ஏரா வரை ஒரு வளைவுகூடப் பிசகவில்லை. இன்றைய மலிவான வார்ப்புகளில் இத்தனை தடிப்பும் கிடைக்காது. கூரையுள்ள இடமும் ஃபைபர் வேலை தெரிந்த கையும் உள்ளவர் இதைச் சீரமைக்கலாம் என்றே சொல்வேன், ஆனால் இன்ஜினுக்கும் இழுவண்டிக்கும் மட்டும் விலை கொடுத்து, படகின் உடலை இலவசமாகப் பெற வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துச் செய்ய நினைப்பவர் இதைத் தொடவே வேண்டாம்.

மரத்தூளைப் பார்த்த பிறகு உரிமையாளர் 90,000 வரை இறங்கினார். நான் 45,000க்கு மேல் ஏறவில்லை. துளைகளை அடைத்துக் கொடுத்து, வடிகால் அடைப்பானைக் கழற்றி, அணியத்தின் அடியில் இரண்டு கற்களை வைத்துச் சற்று உயர்த்திவிட்டு வந்தோம்.