பணத் தகராறு கிரிமினல் வழக்கானால்: முன்ஜாமீனா, 35(3) நோட்டீஸா, குவாஷ் மனுவா?

சரக்குக்குப் பணம் பாக்கி, கூட்டாளி கணக்கு முடிக்கவில்லை, வாங்கிய அட்வான்ஸ் திரும்பவில்லை. எல்லாமே சிவில் கோர்ட்டில் தீர வேண்டியவை. சீக்கிரம் வசூலாகும் என்று புகார் போலீசுக்குப் போகும்போது, எஃப்.ஐ.ஆரில் பாரதிய நியாய சன்ஹிதா 318(4), 316(2) பிரிவுகள் ஏறிவிடுகின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420, 406 தான் இவை. ஏமாற்றியதற்கு 7 ஆண்டு வரை, நம்பி ஒப்படைத்ததைக் கையாடும் நம்பிக்கை மோசடிக்கு 5 ஆண்டு வரை சிறை. இரண்டிலும் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது.

வெறும் செக் பவுன்ஸ் என்றால் பதற வேண்டாம். செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்கு நேரே மாஜிஸ்திரேட்டிடம் போகும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால் முன்ஜாமீனுக்கு அங்கே இடமில்லை. சம்மன் வந்தும் ஆஜராகாமல் இருந்தால்தான் பிடிவாரண்ட் வரும்.

கைது செய்யாமல், விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி போலீஸ் கொடுப்பது 35(3) நோட்டீஸ்; பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு அது. செலவில்லாத பாதுகாப்பு. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஆஜராகிற வரை, காரணத்தை எழுத்தில் பதியாமல் கைது செய்ய முடியாது. ஆனால் காரணம் எழுதக் கடினமில்லை: ‘ஒத்துழைக்கவில்லை’ என்பதே போதும் என்று நினைக்கும் அதிகாரிகள் உண்டு. அதனால் போகும்போதெல்லாம் ஆவணங்களைக் கடிதத்தோடு கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். போலீஸ் இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முறையாகக் கொடுத்ததாகாது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது; இருந்தாலும் சும்மா இருக்காமல் பதிவுத் தபாலில் பதில் அனுப்பிவிடுங்கள்.

தொகை பெரிது, புகார்தாரர் செல்வாக்குள்ளவர், அல்லது குற்றப்பிரிவிலிருந்து திரும்பத் திரும்ப போன் வருகிறது என்றால் நோட்டீஸை மட்டும் நம்பாதீர்கள். அங்கே முன்ஜாமீன்தான் சரி. எஃப்.ஐ.ஆர் போடும் முன்பே செஷன்ஸ் கோர்ட்டையோ உயர் நீதிமன்றத்தையோ நாடலாம். ஆனால் பயத்துக்கு ஆதாரம் வேண்டும். சி.எஸ்.ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது) எண், போலீஸ் கூப்பிட்ட தேதி இல்லாத மனு பெரும்பாலும் நிற்காது.

மனுவின் உயிர் ஒரே கேள்வியில் இருக்கிறது: பணம் வாங்கிய அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா? பின்னால் கொடுக்க முடியாமல் போனது மட்டும் ஏமாற்று ஆகாது. பகுதி பகுதியாகக் கட்டிய பேங்க் ஸ்டேட்மென்ட், இன்வாய்ஸ், தவணை கேட்டு அனுப்பிய செய்திகள் இதற்குத்தான் வேண்டும். முன்பு தள்ளுபடியான மனுவையோ பழைய வழக்கையோ மறைத்தால் அதுவே எதிராகத் திரும்பும்.

மனு போட்டதால் மட்டும் கைது நிற்காது. இடைக்காலப் பாதுகாப்பைத் தனியே கேட்க வேண்டும். உத்தரவு கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. தமிழ்நாட்டில் வழக்கமாக, குறித்த நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் முன் இரண்டு ஜாமீன்தாரர்களைக் கொண்டுவர வேண்டும். பத்திரத்தில் அவர்கள் போட்டோ, இடது பெருவிரல் ரேகை, கூடவே ஆதார் அல்லது பாஸ்புக் நகல். அந்தக் கெடு தவறினால் உத்தரவே காலாவதியாகும். ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும் நிபந்தனையை ஒரு நாள் விட்டாலும் முன்ஜாமீனை ரத்து செய்யக் கேட்டு மனு வரலாம்.

பாதித் தொகையை டெபாசிட் செய்வதாக வக்கீல் மூலம் முந்திக்கொண்டு சொல்வது பெரிய தவறு. ஜாமீன் கோர்ட் வசூல் ஏஜென்ட் இல்லை என்று 2023இல் ரமேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்களே ஒப்புக்கொண்டு கட்டத் தவறினால் அந்தத் தீர்ப்பு கைகொடுப்பது கடினம்.

எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்யக் கேட்கும் குவாஷ் மனுவை முதல் ஆயுதமாகப் பலர் நினைக்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம். அது உயர் நீதிமன்றத்தில் மட்டும்தான். எஃப்.ஐ.ஆரில் சொன்னதையெல்லாம் உண்மை என்றே எடுத்துக்கொண்டாலும் குற்றம் தெரியவில்லை என்றால்தான் வெற்றி. ‘கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது’ என்ற உத்தரவைச் சும்மா தரக்கூடாது என்று 2021இல் நீஹாரிகா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்திய பிறகு, கைதைத் தடுக்க இதை நம்புவது ஆபத்து. முன்ஜாமீன் கையில் வந்தபின் நிதானமாகப் போட ஏற்றது. ஒரே பணத்துக்கு ஏமாற்றுக் குற்றமும் நம்பிக்கை மோசடிக் குற்றமும் சேர்ந்து நிற்காது என்ற 2024 டெல்லி ரேஸ் கிளப் தீர்ப்பு அப்போது நன்றாக உதவும்.

புகார்தாரரோடு சமாதானம் பேசினால் இருவரும் கூட்டு மனுவாக குவாஷ் கேட்பது எளிது. பணத்தை ஸ்டேஷன் மேஜையில் ரொக்கமாக வைக்காதீர்கள். பேங்க் வழியே அனுப்புங்கள். அங்கே எழுதி வாங்கும் ‘இத்தனை தேதிக்குள் தருகிறேன்’ என்ற தாளில் வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கடனை நீங்களே ஒப்புக்கொண்டதற்கு ஆதாரமாக அதே தாள் சிவில் கோர்ட்டில் நீட்டப்படும்.