ஏசியைத் திறக்காமலே ‘கேஸ் இல்லை’ என்பவரை நம்பாதீர்கள்

விண்டோ ஏசி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மூன்று மாதத்துக்குள் ஒரே ஆளிடம் மூன்று முறை ஏமாந்திருக்கிறேன். முதல் முறை ஏமாந்தது விஷயம் தெரியாமல். இரண்டாவது முறை சோம்பேறித்தனத்தால். மூன்றாவதுக்கு என்ன பேர் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

ஒன்றரை டன் மெஷின். நான்கு வருடம் ஒரு தொல்லையும் தரவில்லை. திடீரென்று ஒரு வாரமாகக் கூலிங் குறைந்தது. ராத்திரி முழுக்க ஓடினாலும் அறை குளிரவில்லை. விடிகாலையில் பார்த்தால் முன்பக்க கிரில்லுக்குள் வெள்ளையாக ஐஸ் படிந்திருந்தது. அவசரத்தில் கையில் கிடைத்த ஒரு நம்பருக்கு போன் போட்டேன். இரண்டு பேர் வந்தார்கள், ஒரு மெக்கானிக்கும் ஒரு உதவியாள் பையனும்.

மெக்கானிக் கிரில்லைக் கழற்றவில்லை. காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார். மருத்துவர் நாடி பார்ப்பது மாதிரி இரண்டு விநாடி கண்ணை மூடினார். “கேஸ் போயிடுச்சு சார்.”

“எப்படிப் போகும்?”

“நாலு வருஷம் ஓடியிருக்குல்ல சார், தீர்ந்துடும்.”

பக்கத்தில் நின்ற அம்மா, “அது என்ன அடுப்பா, எரிஞ்சு தீர்றதுக்கு?” என்றார். அன்றைக்கு அந்த அறையில் விஷயம் தெரிந்து பேசியது அவர் ஒருவர்தான். நான்தான், “அம்மா, நீங்க சும்மா இருங்க” என்று அடக்கினேன்.

ஏசியில் இருக்கும் கேஸ் எரிபொருள் இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும். அறைப் பக்கக் காயிலில் (வளைத்து வளைத்து அமைத்த குழாயில்) ஆவியாகி வெப்பத்தை இழுக்கும், கம்ப்ரசர் அதை அழுத்தி வெளிப்பக்கக் காயிலுக்குத் தள்ளும், அங்கே வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகித் திரும்ப வரும். எத்தனை வருடம் ஓடினாலும் இது ஒரு கிராம்கூடச் செலவாகாது. குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் நிரப்புவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். அதிலும் விண்டோ ஏசியில் எல்லாக் குழாயும் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து வருபவை. ஸ்ப்ளிட் ஏசி மாதிரி வீட்டில் வந்து நட்டு முறுக்கி இணைக்கிற இடமே கிடையாது. அதனால் தானாகக் கசிவதற்கான வாய்ப்பும் குறைவு.

ஐஸ் படிந்தது கேஸ் குறைவுக்கு அடையாளம் என்றார் மெக்கானிக். அது பாதி உண்மை. கேஸ் குறைந்தாலும் ஐஸ் படியும், காயில் வழியாகக் காற்று சரியாகப் போகாவிட்டாலும் படியும். ஃபில்டர் அடைத்திருந்தால் காயிலுக்குப் போதுமான வெப்பம் கிடைக்காமல் அது பூஜ்யம் டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் உறையும். என் மெஷினில் ஃபில்டரை எப்போது கடைசியாகக் கழுவினோம் என்று எனக்கே நினைவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

மெஷினை வெளியே இழுத்துத் தரையில் வைத்தார்கள். கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் செம்புக் குழாய், நுனியை நசுக்கி மூடியது, நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் கவ்விபோல ஒரு வால்வைப் பொருத்தி ஆணியை முறுக்கினார். குழாயில் துளை விழுந்து ஹோஸ் வழியாக அழுத்தம் காட்டும் கேஜுக்கு இணைப்பு கிடைக்கும் என்றார். கேஜ் முள் பூஜ்யத்தில் நின்றது. “நீங்களே பாருங்க சார், ஒண்ணுமே இல்லை.”

நானும் பார்த்தேன், தலையாட்டினேன். துளைக்கும் ஆணி குழாய்க்குள் இறங்காத வரைக்கும் எந்த ஏசியில் மாட்டினாலும் அந்த முள் பூஜ்யத்தில்தான் நிற்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. உண்மையிலேயே ஒன்றுமே இல்லாத மெஷினில் ஐஸ் எப்படிப் படியும் என்று கேட்கவும் தோன்றவில்லை.

அப்புறம் பெயரே இல்லாத ஒரு சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்றினார். பத்தே நிமிடம். எடை பார்க்கத் தராசு கிடையாது, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிற வாக்யூம் பம்ப் கிடையாது, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்கவும் இல்லை. இதற்குள் பையன் சும்மா நிற்காமல் ஃபில்டரைக் கழற்றிக்கொண்டு போய்க் குளியலறைக் குழாயில் கழுவி எடுத்துவந்தான். தண்ணீர் கறுப்பாக ஓடியது. அன்று நடந்த ஒரே நிஜமான ரிப்பேர் அதுதான். மாட்டி ஓட்டினார்கள், ஜில்லென்று காற்று வந்தது. கேஸுக்குப் பணம் கொடுத்தேன். பையனுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. போகும்போது மெக்கானிக் தன் போன் நம்பர் போட்ட ஒரு பெரிய ஸ்டிக்கரை மெஷினின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே இரண்டு தட்டுத் தட்டினார். அந்த ஸ்டிக்கரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அடுத்த நாளே அறைக்குள் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. சுவர் நனைந்து பெயிண்ட் உப்பியது. போன் செய்தால், “டிரெயின் அடைச்சிருக்கும் சார், அடுத்த தடவை வரும்போது ட்ரேல ஒரு ஓட்டை போட்டுடலாம்” என்றார். விண்டோ ஏசி வெளிப்பக்கம் லேசாகச் சரிந்து உட்கார வேண்டும். உள்பக்கத்தைவிட வெளிப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தால் தண்ணீர் தானாகப் பின்னால் ஓடும். இழுத்து வெளியே வைத்தவர்கள் திரும்பத் தள்ளும்போது முன்பக்கத்துக்கு அடியில் இருந்த மரக்கட்டையை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். கட்டை பால்கனியிலேயே கிடந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது குமிழி கோணலாகப் போய் நின்றது. நானும் மைத்துனனும் சேர்ந்து தூக்கிக் கட்டையைச் சொருகினோம். சொட்டு நின்றது.

ட்ரேயில் ஓட்டை போட விடாதீர்கள். பல விண்டோ ஏசிகளில் பின்பக்க மின்விசிறியின் இறக்கைகளைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது ட்ரேயில் தேங்கும் தண்ணீரை அள்ளிச் சூடான கன்டன்சர், அதாவது வெளிப்பக்கக் காயில் மேல் வீசும். அதனால் கன்டன்சர் நன்றாகக் குளிர்கிறது. ‘சளக் சளக்’ என்று கேட்கும் சத்தம் அதுதான், கோளாறு இல்லை. ஓட்டை போட்டால் அந்தத் தண்ணீர் வீணாக ஒழுகிப் போகும். டிரில் முனை குழாயில் பட்டால் கதையே வேறு.

மூன்று வாரம் கழித்து மறுபடி கூலிங் குறைந்தது. இந்த முறை நானே ஃபில்டரைக் கழுவிப் பார்த்தேன், பலனில்லை. அதே ஆளைக் கூப்பிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், ஸ்டிக்கர் கண்முன்னால் இருந்தது. இம்முறையும் கை வைத்தார், “கேஸ் லீக் சார்” என்றார். “போன தடவை தீர்ந்துடுச்சுன்னீங்களே?” என்றேன். “அது தீர்ந்தது, இது லீக்.” எங்கே லீக் என்று காட்டவில்லை. மறுபடி நிரப்பினார், மறுபடி பணம். “கம்ப்ரசரும் கொஞ்சம் வீக்கா இருக்கு” என்று ஒரு விதையை ஊன்றிவிட்டுப் போனார்.

அந்த விதை அடுத்த மாதம் முளைத்தது. மெஷினைப் போட்டால் விசிறி மட்டும் சுற்றும். சில விநாடி ‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல், ‘டக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. வந்தவர் இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்: “கம்ப்ரசர் போச்சு. இதுக்குச் செலவு பண்ணாதீங்க சார், புதுசு வாங்கிக்கங்க. பழசை நானே ஒரு விலைக்கு எடுத்துக்கிறேன்.” சொன்ன விலை செம்புக் குழாயின் எடைக்குக்கூடக் காணாது. சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அம்மாதான், “யோசிச்சுச் சொல்றோம்ப்பா” என்று அனுப்பிவைத்தார்.

அலுவலகத்தில் புலம்பியபோது உடன் வேலை செய்பவர் தன் அண்ணனை அனுப்பினார். குளிர்பதனக் கிடங்குகளில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வந்தவர் முதலில் கேட்டது, “தம்பி, இது என்ன கேஸ் மெஷின்?” எனக்குத் தெரியவில்லை. மெஷினைச் சுற்றிப் பார்த்தார். பக்கவாட்டு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பி மெதுவாக உரித்தார். அடியில் கம்பெனியின் விவரத்தகடு! ஆர்-32, 650 கிராம் என்று அச்சடித்திருந்தது. எவ்வளவு ஆம்பியர் இழுக்க வேண்டும் என்பதும் இருந்தது. எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று எவரும் படித்துவிடக் கூடாத இடமாகப் பார்த்து அந்த மனிதர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்.

அண்ணன் மின்சாரத்தைத் துண்டித்து, கெப்பாசிட்டரில் தங்கியிருந்த மின்சாரத்தை வெளியேற்றிவிட்டுத்தான் அதைத் தொட்டார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஷாக் அடிக்கும், நீங்களாகக் கை வைக்க வேண்டாம். மேலே 36 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது, மீட்டரில் 19 காட்டியது. கம்ப்ரசர் கிளம்புவதற்குத் தேவையான உந்துதலைக் கொடுப்பது அதுதான். அது பலவீனமானால் கம்ப்ரசர் உறுமும், சூடாகும், பாதுகாப்பு ஸ்விட்ச் ‘டக்’ என்று துண்டித்துவிடும். புது கெப்பாசிட்டர் போட்டதும் ‘செத்துப்போன’ கம்ப்ரசர் ஒரே சொடுக்கில் கிளம்பியது. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், கெப்பாசிட்டர் கெட்டதற்கு அந்த ஆள் காரணம் இல்லை, அது வருடக்கணக்கில் சூட்டில் தேயும் பொருள். அதைச் சோதிக்காமல் கம்ப்ரசருக்குச் சாவுமணி அடித்ததுதான் அயோக்கியத்தனம்.

ஆனாலும் கூலிங் போதவில்லை. அண்ணன் ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை கலக்கி பிரஷ்ஷால் குழாய் மூட்டுகளில் எல்லாம் தடவினார். எங்கும் ஒன்றும் இல்லை. கடைசியாக அந்தக் கவ்வி வால்வின்மேல் தடவினார். கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி, கொஞ்ச நேரத்தில் சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி நின்றது. வால்வைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தது. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து கசிந்ததன் அடையாளம் அது.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. முதல் நாள் என் மெஷினில் கசிவே இல்லை. அழுக்கு ஃபில்டர் மட்டும்தான் பிரச்சினை. இல்லாத நோய்க்கு ஊசி போட்டார், ஊசி போட்ட இடம்தான் புண்ணானது. அந்த மாதிரி வால்வில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், சூட்டிலும் அதிர்விலும் அது தளரும். பரிசோதனைக்குத் தற்காலிகமாக மாட்டலாம், அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்றார் அண்ணன்.

உள்ளே இருந்தது ஆர்-32 மட்டும்தானா என்பதிலும் அவருக்குச் சந்தேகம். அழுத்தமும் குளிரும் பொருந்தவில்லை, வேறு எதையோ கலந்திருப்பார்கள் என்றார். கலந்துவிட்டால் மேலே டாப்-அப் செய்து பிரயோஜனமில்லை, முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். உள்ளே இருந்ததை ஒரு சிலிண்டரில் சேகரித்துக்கொண்டார். காற்றில் திறந்துவிடவில்லை. ஆர்-32 லேசாகத் தீப்பற்றும் வகை, பக்கத்தில் நெருப்பு வைத்துப் பற்றவைக்கும் வேலை இருக்கும்போது சும்மா திறந்துவிடுவது ஆபத்து. தவிர அது கார்பன் டை ஆக்சைடைப் போல 675 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வால்வை வெட்டி எடுத்துக் குழாயைப் பற்றவைத்தார். நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று காத்திருந்தார். வாக்யூம் பம்ப்பை முக்கால் மணி நேரம் ஓட்டினார். கடைசியில் சிலிண்டரைத் தராசில் வைத்து 650 கிராம் கணக்காக ஏற்றினார். மொத்தம் நான்கு மணி நேரம். பத்து நிமிடத்தில் முடிகிற கேஸ் வேலை ஏன் நம்பத்தகாதது என்பது அந்த நான்கு மணி நேரம் கூட நின்று பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது யாராவது கூலிங் இல்லை என்று என்னிடம் சொன்னால் முதலில் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன். அடுத்தது, வெளிக்காற்றுக்கான சின்ன லீவர். பல மெஷின்களில் இருக்கும், அது திறந்தே கிடந்தால் வெளிச்சூடு உள்ளே வந்துகொண்டிருக்கும். காயிலுக்கு முன்னால் மெல்லிய சென்சார் ஒன்று கிளிப்பில் நிற்கும். ஃபில்டர் மாட்டும்போது வளைந்து காயிலைத் தொட்டால் அறை குளிர்வதற்கு முன்பே கம்ப்ரசர் நின்றுவிடும். வெளியே பக்கவாட்டில் இருக்கும் காற்றுத் துளைகள் சுவருக்குள் புதைந்திருந்தாலும் மெஷின் மூச்சுத் திணறும். அது பொருத்தியவரின் தவறு, எவ்வளவு கேஸ் ஏற்றினாலும் தீராது. ஒரு சாதாரண தெர்மாமீட்டரை முதலில் காற்று உள்ளே போகும் இடத்திலும், பிறகு வெளியே வரும் இடத்திலும் வைத்துப் பாருங்கள். கால் மணி நேரம் ஓடிய பிறகு 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் கேஸைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

இதெல்லாம் பார்த்த பிறகும் ஒருவர் கேஸ் என்றால், கசிவு எங்கே என்று நுரையில் காட்டச் சொல்லுங்கள். தராசு கொண்டுவந்திருக்கிறாரா என்று கேளுங்கள். கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால், கம்ப்ரசரிலும் தகட்டிலும் உள்ள வரிசை எண்களைப் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு அனுப்புங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்விகள் இவைதான்.

அந்த மெக்கானிக்கிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேனா என்றால், கேட்டேன். “மெஷின் ஓடுதுல்ல சார்?” என்றார். ஓடுகிறது. உள்ளே போகும் காற்று 29, வெளியே வருவது 18. வெட்டி எடுத்த வால்வு மேஜை டிராயரில் கிடக்கிறது. போன வாரம் அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது: ‘சார், சர்வீஸ் டைம் வந்துடுச்சு, கேஸ் செக் பண்ணிடலாமா?’