‘பிளஸ்டரி’யில் தடுமாறும் ஓர் அகராதிச் செயலி

ஓர் அகராதி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள, அதில் எத்தனை இலட்சம் சொற்கள் இருக்கின்றன என்று நான் பார்ப்பதில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த, ஆனால் தமிழில் எளிதில் பிடிகொடுக்காத ஒரு சொல்லை அதில் தேடிப் பார்ப்பேன். மொழிபெயர்ப்பு வேலைக்காகச் சில மாதங்களாகக் கைப்பேசியில் வைத்திருக்கும் ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலி ஒன்றை அவ்வாறு சோதிக்க நான் எடுத்துக்கொண்ட சொல் ‘பிளஸ்டரி’ (blustery). இந்தக் குறை ஒரு செயலிக்கு மட்டும் உரியதன்று என்பதால் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன்.

செயலி தரும் பொருள்கள் மூன்று: ‘காற்றடிக்கும்’, ‘புயலான’, ‘கொந்தளிப்பான’. முதலாவது தவறில்லை, ஆனால் போதாது. அதே பொருளைத்தான் ‘விண்டி’ என்ற சொல்லுக்கும் செயலி தருகிறது என்பதால், இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று தேடி வருபவருக்கு எந்தத் தெளிவும் கிடைப்பதில்லை. மூன்றாவது கடலுக்குப் பொருந்தும், நாளுக்குப் பொருந்தாது. இரண்டாவதுதான் உண்மையில் ஆளைக் கவிழ்த்துவிடும். ‘வெயிலும் உண்டு, ஆனால் பிளஸ்டரியான நாள்’ என்ற கருத்தில் வந்த ஒரு வானிலைக் குறிப்பை மொழிபெயர்க்கும்போது, செயலியை நம்பி ‘வெயில் அடிக்கும், ஆனால் புயலான நாள்’ என்று எழுதியிருந்தால், ஆங்கிலத்தில் படிப்பவர் ஒரு மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிய அதே நேரத்தில், தமிழில் படிப்பவர் சன்னலையெல்லாம் அடைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

பிளஸ்டரி என்பது காற்றின் வேகத்தை மட்டும் சொல்லும் சொல் அன்று. காற்றின் ஒழுங்கின்மையைச் சொல்லும் சொல். கதவு படாரென்று அறைந்து சாத்தும். சற்று நேரம் ஓர் அசைவும் இருக்காது. காற்று ஓய்ந்தது என்று நினைத்து மேசையில் தாள்களை அடுக்கி முடிக்கும்போது அடுத்த வீச்சு வந்து அவை அனைத்தையும் தரையில் பரப்பிவிடும். இப்படி வீசுவதும் ஓய்வதுமாக, எப்போது வரும் என்று தெரியாமல், வரும்போது பலமாக வரும் காற்றுள்ள நாளே பிளஸ்டரியான நாள்.

இதை எண்களாலும் விளக்கலாம். காற்றின் வலிமையைக் குறிக்க இன்றும் பயன்படும் அளவுகோலை 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் வகுத்தார், 0 முதல் 12 வரை செல்லும் அந்த அளவுகோலில் ‘பிரீஸ்’ (இளங்காற்று) உண்டு, ‘கேல்’ (கடுங்காற்று) உண்டு, ‘ஸ்டார்ம்’ (புயல்) உண்டு, பிளஸ்டரி இல்லை. இருக்கவும் முடியாது. அந்த அளவுகோல் கணக்கில் கொள்வது காற்றின் சராசரி வலிமையை. வானிலையாளர்கள் பொதுவாகப் பத்து நிமிடச் சராசரியைக் காற்றின் வேகம் என்றும், சில நொடிகளே நீடிக்கும் உச்ச வீச்சைத் தனியாக ‘கஸ்ட்’ என்றும் குறிக்கிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக அடிக்கும் காற்றைப் பிளஸ்டரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். சராசரி 30 கிலோமீட்டராக இருந்து, இடையிடையே 60-ஐத் தொடும் காற்றைத் தயங்காமல் சொல்வார்கள். பியூஃபோர்ட் அளவில் ‘ஸ்டார்ம்’ தொடங்குவதோ 10-ஆம் எண்ணில், அதாவது மணிக்கு 89 கிலோமீட்டரில். செயலி தரும் ‘புயலான’ என்ற சொல் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

பக்கத்துச் சொற்களையும் பார்த்தேன். ‘கஸ்டி’ பிளஸ்டரிக்கு மிக நெருங்கியது. ஆனால் அது அளவீட்டின் சாயலுடையது, தனித்தனி வீச்சுகளை எண்ணிப் பார்ப்பதுபோல் ஒலிப்பது. பிளஸ்டரியில் அந்த நாளின் மொத்த மனநிலையும் இருக்கிறது. இந்த நுட்பத்தை ஒரு செயலியிடம் எதிர்பார்ப்பது அதிகம் என்றே வைத்துக்கொண்டாலும், ‘பிரீஸி’க்கும் ‘பலத்த காற்றுள்ள’ என்று போட்டிருப்பதை எப்படி ஏற்பது? பிரீஸி இதமானது, மனிதரைக் குறிக்கும்போதும் கலகலப்பான, எதையும் இலேசாக எடுத்துக்கொள்கிற சுபாவத்தையே குறிக்கும். தென்றலுக்குப் பெயர்போன ஒரு மொழியில் அதற்கு இதைவிட நல்ல சொல்லா கிடைக்கவில்லை?

வழக்கைக் காட்டுவதில் செயலி இன்னும் பின்தங்கியிருக்கிறது. பிளஸ்டரி எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதுதான் கற்பவருக்கு முதலில் தேவை: நாள், வானிலை, காற்று, பிற்பகல் ஆகியவற்றோடு இயல்பாக வரும்; பிரிட்டன் வானிலை அறிவிப்புகளில் விட்டுவிட்டுப் பெய்யும் மழையோடும் அடிக்கடி வரும். மின்விசிறிக் காற்றுக்கு வராது. செயலியில் இருப்பதோ ஒரே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்; அதுவும் ‘வானிலை பிளஸ்டரியாக இருந்தது’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் ‘நன்றாக’ என்று போட்டாலும் வாக்கியம் நிற்கும்; அப்படிப்பட்ட எடுத்துக்காட்டு எதைக் கற்பிக்கும்?

மனிதருக்கு வரும் பொருளை முழுவதுமாக விட்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சத்தம் அதிகம், சாரம் குறைவு என்ற பேச்சையும் ஆளையும் பிளஸ்டரி என்பது ஆங்கில வழக்கு. இதற்குத் தமிழில் ‘வாய்ச்சவடால்’ என்ற சொல் கச்சிதமாகப் பொருந்தி நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், ‘பிளஸ்டர்’ என்ற மூலச்சொல்லின் பதிவில் அதே செயலி இந்தச் சொல்லைச் சரியாகவே கொடுத்திருக்கிறது. இரண்டு பதிவுகளையும் இணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஒலிப்பு தெளிவாக இருக்கிறது. முதல் அசையில் அழுத்தம் கொடுத்து, மற்ற இரண்டு அசைகளையும் இலேசாக விட்டு, ‘பிளஸ்-ட-ரி’ என்று உச்சரிக்கும் குரல் இயந்திரக் குரலாகத் தோன்றவில்லை. இணைய இணைப்பு இல்லாமலும் இயங்குகிறது, தேடல் வேகமாக இருக்கிறது, எழுத்துப் பிழையோடு தட்டினாலும் சொல்லைக் கண்டுபிடித்துவிடுகிறது. சட்டென்று ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பொருள் பார்க்க இது போதும். பெயரடைகளுக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நல்ல ஆங்கிலம்–ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன்.

திருத்தம் அனுப்பும் வசதி இருக்கிறது என்பதால், ‘விட்டுவிட்டுப் பலமாக வீசும் காற்றுடைய’ என்பதை முதற்பொருளாகவும், ‘வாய்ச்சவடாலான’ என்பதை இரண்டாம் பொருளாகவும் சேர்க்கும்படி எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது இரண்டாவது சேர்ந்திருந்தது. ‘புயலான’ மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.